பெட்டி மாறினால் ஆள் மாறுமா?

உபுண்டு சர்வரைக் கணினியின் உள்ளே இருக்கும் டிஸ்க்கில்தான் நிறுவ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெளி எஸ்எஸ்டியில் நிறுவி, யுஎஸ்பி கேபிளால் ஒரு டெல் பெட்டியில் செருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சர்வர் எழுந்து உட்கார்ந்துவிடும். சில மாதம் கழித்து முறையாக ஷட்டவுன் செய்து, கேபிளைக் கழற்றி ஒரு லெனோவோவில் செருகினாலும் அதே சர்வர் எழும். அதே பயனர்கள், அதே கடவுச்சொற்கள், அதே தரவுத்தளம், நள்ளிரவில் ஓட வேண்டிய அதே பேக்கப். பாதியில் விட்ட கோப்பு விட்ட இடத்திலேயே கிடக்கும்.

அந்த சர்வரின் லாக் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒவ்வொரு முறை எழும்போதும் லினக்ஸ் கெர்னல், தான் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் பெட்டியில் கண்விழித்திருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைக்கும். போன மாதப் பதிவில் அந்த வரி டெல் என்கிறது, இந்த மாதப் பதிவில் லெனோவோ என்கிறது. இரண்டும் கிடப்பது ஒரே கோப்புறையில். கோப்புறையின் பெயர் மெஷின்-ஐடி எனப்படும் 32 இலக்கச் சரம். நிறுவியபோது ஒரே ஒருமுறை உருவானது. பெட்டி மாறியும் அது மாறவில்லை. இதைத் தவிர பூட்-ஐடி என்று இன்னொரு எண் உண்டு. ஒவ்வொரு முறை எழும்போதும் அது புதிதாகப் பிறக்கும், அணைத்ததும் போய்விடும். ஆக, பிறவிக்கு ஓர் எண், பிறவிகளைக் கோப்பதற்கு ஓர் எண். சர்வரை வடிவமைத்தவர்கள் தத்துவம் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. நடைமுறை வசதிக்காகத்தான் செய்தார்கள்.

லெனோவோவில் கண்விழித்தது டெல்லில் உறங்கப்போனதேதானா? கணினிக்காரர்களைக் கேட்டால், “அதே சர்வர்தான், இதிலென்ன சந்தேகம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஆனால் உடல் வேறு, உயிர் வேறு என்றும், இல்லை, இரண்டும் ஒன்றே என்றும் ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக வாதாடிவரும் தத்துவங்களுக்கு இப்படியொரு சோதனைப் பொருள் முன்பு வாய்த்ததில்லை. முழு உடலையும் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டு, உள்ளே இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரிடம் “இவர் யார்?” என்று கேட்டே பார்த்துவிடலாம். இந்தப் பேச்சு வந்தாலே தீசியஸின் கப்பலைத் துறைமுகத்திலிருந்து இழுத்துவருவது எழுத்தாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. இங்கே அது உதவாது. அதில் பலகைகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. இங்கே கப்பல் மொத்தமும் ஒரே மூச்சில் போய்விடுகிறது.

அக்கம்பக்கத்தார் இரண்டு பேர். ஒருவர் ரூட்டர். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் தொழிற்சாலையிலேயே பதித்த 48 பிட் மேக் முகவரி உண்டு. இன்ன மேக் முகவரி வந்தால் இன்ன ஐபி கொடு என்று ரூட்டரில் ஒதுக்கிவைப்பது சிறு அலுவலகங்களில் சாதாரணம். எஸ்எஸ்டி லெனோவோவுக்குப் போனதும் ரூட்டரின் கண்ணில் படுவது லெனோவோவின் கார்டு. யாரோ புது ஆள் என்று முடிவுகட்டி வேறொரு ஐபியைக் கொடுத்துவிடும். பழைய ஐபி, டெல் திரும்பி வரும் என்று காத்துக்கிடக்கும்.

மற்றவர் எஸ்எஸ்எச். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும்போது இந்த நிரல் எதிரே இருப்பது எந்தப் பெட்டி என்று பார்ப்பதே இல்லை. சர்வர் நிறுவப்பட்டபோது உருவான ஹோஸ்ட் கீ என்ற சாவியைத்தான் கேட்கும். அந்தச் சாவி எஸ்எஸ்டியில் இருக்கிறது. ஆகவே புது ஐபிக்குத் தொடர்புகொண்டால், “இந்த முகவரியை எனக்குத் தெரியாது, ஆனால் இதே சாவியை இன்ன முகவரியில் பார்த்திருக்கிறேன்” என்ற பொருளில் பழைய ஐபியை எடுத்துக் காட்டும். மாற்றியும் செய்து பார்க்கலாம். டெல்லின் உள் டிஸ்க்கில் வேறொரு லினக்ஸை நிறுவி, பழைய ஐபியிலேயே ஓடவிட்டால்? பெட்டி அதே, கார்டு அதே, முகவரி அதே. ரூட்டருக்கு ஒரு சந்தேகமும் வராது. எஸ்எஸ்எச்சோ, எதிரே இருப்பவரின் அடையாளம் மாறிவிட்டது, எவனோ நடுவில் புகுந்து ஏமாற்றலாம் என்று கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் கூச்சல் போட்டுத் தொடர்பைத் துண்டித்துவிடும்.

ஒரே நிகழ்ச்சிக்கு எதிரெதிரான இரண்டு வாக்குமூலங்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். ஓர் இளவரசனின் மனம் அதன் நினைவுகளோடு ஒரு செருப்புத் தொழிலாளியின் உடம்பில் குடியேறினால் அவன் யார் என்பது அதில் வரும் கேள்வி. செய்த காரியங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டிய ஆள் இளவரசன் என்றார் லாக். ஆனால் ஊரார் கண்ணுக்கு அவன் அந்தச் செருப்புத் தொழிலாளியே என்பதையும் சேர்த்துச் சொன்னார். ‘ஆள்’ என்பதையும் ‘மனிதன்’ என்பதையும் அவர் இப்படிப் பிரித்துவைத்ததால் இரண்டு சாட்சிகளையும் திருப்திப்படுத்த முடிந்தது. ரூட்டர் ஊராரின் கட்சி, எஸ்எஸ்எச் லாக்கின் கட்சி.

லாக்குக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே சேக்கிழார் இதைவிட நுட்பமான ஒரு வழக்கைப் பெரியபுராணத்தில் பதிவு செய்திருக்கிறார். கயிலையிலிருந்து பொதியமலைக்கு அகத்தியரைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு யோகியார் காவிரிக் கரையில் சாத்தனூர் அருகே வருகிறார். மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவன் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து பார்த்துக் கதறுகின்றன. அவற்றின் துயரம் தீர வேண்டுமே என்பதற்காக யோகியார் தம் உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். மூலன் எழுகிறான். பசுக்கள் வாலைத் தூக்கித் துள்ளுகின்றன. அவற்றுக்குச் சந்தேகமே இல்லை.

மாலையில் பசுக்கள் தாமாகவே ஊர்வழி நடக்க, அவர் பின்னால் போகிறார். கணவன் வரக் காணோமே என்று தேடிவரும் மூலனின் மனைவி அவரைத் தொடப்போகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகிப் பொதுமடத்துக்குள் போய் யோகத்தில் அமர்ந்துவிடுகிறார். அவளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, இது பழைய மூலன் இல்லை என்று. அவள் முறையிட, ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் நிலை வேறு, இனி இவர் உன்னோடு வாழப்போவதில்லை என்று அவளைத் தேற்றுகிறார்கள். யோகியார் பசுக்கள் வந்த வழியே திரும்பிப் போய்த் தம் பழைய உடலைத் தேடினால், அது அங்கே இல்லை. சிவன் திருவுள்ளம் என்று உணர்ந்து திருவாவடுதுறைக்குப் போய் அரசமரத்தடியில் அமர்ந்தவரைத்தான் நாம் திருமூலர் என்கிறோம்.

அதாவது, யோகியாரின் பெயரால் அல்ல. அந்த மாடு மேய்ப்பவனின் பெயரால். பசுக்களின் சாட்சியம் ஒருவகையில் வென்றிருக்கிறது. ஊர் வைத்த ஐபி முகவரி நிலைத்துவிட்டது என்றும் சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு வசதியான சமன்பாடு எல்லோர் நாவிலும் வரும்: வன்பொருள் உடல், மென்பொருள் ஆன்மா. மேடைப் பேச்சுகளில் இதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மரபின் பெயரால் இது சொல்லப்படுகிறதோ அந்த மரபே இதை ஒப்புக்கொள்ளாது.

சைவ சித்தாந்தம் உடல், உயிர் என்று இரண்டோடு நிறுத்தவில்லை. கண்ணால் பார்க்கும் பருவுடல் ஒன்று. அது விழுந்தபின் அடுத்த பிறவிக்குப் போகும் நுண்ணுடல் இன்னொன்று. ஐந்து தன்மாத்திரைகள், மனம், புத்தி, அகங்காரம் என எட்டும் சேர்ந்ததால் அதைப் புரியட்டகம் என்பார்கள். நினைப்பது, தீர்மானிப்பது, ‘நான்’ என்று எழுவது ஆகிய வேலைகளுக்கான கருவிகள் எல்லாம் அதில் அடக்கம். இந்த எட்டும் மாயையிலிருந்து வந்தவை, சடம். தாமாக எதையும் அறியாதவை. அறிகிற உயிர் இவற்றுக்கும் அப்பால். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் மூன்றாவது, உயிர் என்று ஒன்று உண்டு என்பதை நிறுவுவதற்காகவே எழுந்தது. அதை அடுத்த நான்காவது சூத்திரம் மனம் முதலான அந்தக்கரணங்களையும் உயிர் அல்ல என்று விலக்கிவிடுகிறது.

சாங்கியம் இன்னும் ஒருபடி மேலே போய்க் கறாராகப் பேசுகிறது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, கட்டுப்படுவதும் பிறவிதோறும் அலைவதும் விடுபடுவதும் புருஷன் அல்ல, பிரகிருதிதான் என்கிறது. சாட்சி வடிவான புருஷன் எங்கும் போவதில்லை. போய் வருவதெல்லாம் சடப்பொருளின் பயணம்.

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எஸ்எஸ்டியில் இருப்பது ஆன்மா அல்ல, புரியட்டகம். பெட்டி விட்டுப் பெட்டி போவது, நினைவுகளைச் சுமப்பது, தீர்மானங்களை எடுப்பது, ‘நான் இன்ன சர்வர்’ என்று சாவியைக் காட்டுவது எல்லாம் அதன் வேலை. அதற்குமேல் அறிகிற ஒருவர் அங்கே இருக்கிறார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மென்பொருளை ஆன்மா என்பவர்கள், அறியாமலே, மனமும் அகங்காரமும்தான் ஆன்மா என்ற கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

நுண்ணுடல் என்ற ஒப்பீடு வெறும் அலங்காரமாக நின்றுவிடாமல் உழைக்கவும் செய்கிறது. நுண்ணுடல் முந்தைய பிறவிகளின் வாசனைகளைச் சுமந்து வரும் என்பார்கள். எடுத்துச்செல்லும் டிரைவில் சர்வர் நடத்தியவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. பழைய டெபியன், உபுண்டு பதிப்புகள் நெட்வொர்க் கார்டை முதன்முதலில் பார்த்ததும் அதன் மேக் முகவரியை ஒரு விதிக் கோப்பில் எழுதி, இதன் பெயர் ஈத்0 என்று நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளும். டிரைவைக் கழற்றி வேறு பெட்டியில் செருகினால், அங்கே இருக்கும் கார்டு ஒன்றே ஒன்றுதான் என்றாலும் அதற்கு ஈத்1 என்று பெயர் வைக்கும். ஏனென்றால் ஈத்0 என்ற பெயர், இப்போது இல்லாத உடம்பின் இல்லாத உறுப்புக்காக ஒதுக்கப்பட்டுவிட்டது. அமைப்புக் கோப்போ ஈத்0க்குத்தான் ஐபி கொடுத்து வைத்திருக்கும். விளைவு, சர்வர் நல்ல ஆரோக்கியத்தோடு எழும், யாரோடும் பேசாது. அந்த விதிக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி பூட் செய்தால் சரியாகிவிடும். முந்தைய பிறவியின் நினைவைத் துடைப்பதுதான் மருந்து.

2013இல், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் இதற்கு வேறு முறை கொண்டுவந்தது. கார்டு மதர்போர்டில் எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறதோ அதை வைத்துப் பெயர். ஒரே பெட்டிக்குள் இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. பெட்டி மாறினால் மதர்போர்டும் மாறும், இடமும் மாறும், பெயரும் மாறும், மறுபடி சர்வர் ஊமையாகும். ஆகவே அனுபவப்பட்ட நிர்வாகிகள் அமைப்புக் கோப்பில் குறிப்பான பெயரை எழுதாமல், கம்பி வழிக் கார்டு எது கிடைத்தாலும் அதை எடுத்துக்கொள் என்று பொதுப்பட எழுதிவைப்பார்கள்.

டெபியனின் இன்ஸ்டாலரை நிபுணர் முறையில் ஓட்டினால் ஒரு கேள்வி கேட்கும்: கிடைக்கும் எல்லா டிரைவர்களையும் சேர்த்துக்கொள்ளவா, இந்தக் கணினிக்குத் தேவையானவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளவா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் தொடக்கக் கோப்பு சிறுத்துவிடும், பூட் ஆவதும் விரைவு. ஆனால் அந்த டிரைவ் அந்த ஓர் உடம்புக்கு மட்டுமே பழகியதாகிவிடும். வேறு பெட்டியில் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் பாதியில் நிற்க வாய்ப்பு உண்டு. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் கனம் கூடும், எங்கு போனாலும் எழும். பற்றில்லாமல் வாழ மூட்டை குறைய வேண்டும் என்பார்கள். சர்வரில் கணக்கு தலைகீழ்: எந்த உடம்போடும் ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் எல்லா உடம்புக்குமான சாமான்களைச் சுமந்தாக வேண்டும். எல்லா உடம்பு என்பதும் எல்லைக்கு உட்பட்டதுதான். இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்காக நிறுவிய சர்வரை ராஸ்பெரி பையில் செருகினால் அதன் ஆர்ம் செயலிக்கு ஒரு கட்டளைகூடப் புரியாது.

உடம்பு மட்டும் வெறும் கூடா என்றால், அதுவும் இல்லை. நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். அணைத்த கணினியில் நேரம் ஓடிக்கொண்டிருப்பது மதர்போர்டில், நாணய அளவு பேட்டரியின் தயவில். எஸ்எஸ்டிக்குக் காலம் தெரியாது. பேட்டரி செத்த பழைய பெட்டியில் செருகினால் சர்வர் ஏதோ ஒரு பழைய தேதியில் கண்விழிக்கலாம். இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வரை, இன்னும் பிறக்காத சான்றிதழ்களைக் காட்டுகிறார்கள் என்று பாதுகாப்பான தளங்களைச் சந்தேகிக்கவும் கூடும். உடம்புக்கு நினைவும் உண்டு. நவீன மதர்போர்டுகள் தம்மில் பூட் ஆன இயங்குதளங்களின் பெயரை உள்ளே ஒரு சிறு நினைவகத்தில் குறித்துவைக்கின்றன. டிரைவைக் கழற்றிக்கொண்டு போனபிறகும் பூட் மெனுவில் உபுண்டு என்ற பெயர் தங்கியிருக்கும். தொட்டால் ஒன்றும் வராது.

இதில் விபத்தும் நேர்வதுண்டு. உபுண்டு டெஸ்க்டாப்பின் பழைய இன்ஸ்டாலர், வெளி டிரைவில் நிறுவச் சொன்னாலும் பூட் லோடரை மட்டும் மடிக்கணினியின் உள் டிஸ்க்கில் போட்டுவிடும் பழக்கம் கொண்டது. தலை ஒரு பெட்டியில், உடல் இன்னொரு பெட்டியில். வெளி டிரைவ் வேறெங்கும் எழாது. அது இல்லாமல் மடிக்கணினியும் திணறும்.

உடலுக்கும் அதில் வந்து தங்குவதற்கும் உள்ள உறவை அதிகபட்சம் யோசித்து வடிவமைத்தது மைக்ரோசாஃப்ட்தான் என்று தோன்றுகிறது. 2012இல் விண்டோஸ் 8 என்டர்பிரைஸ் பதிப்போடு வந்த விண்டோஸ் டு கோ, சர்வருக்கானது அல்ல, அலுவலக ஊழியருக்கானது. ஆனால் அதன் விதிகளைத் தத்துவ மாணவர்கள் படிக்கலாம். தங்க வந்த பெட்டியின் உள் டிஸ்க்குகள் இயல்பாகவே மறைக்கப்பட்டிருக்கும், அதாவது வாடகை வீட்டில் பூட்டிய அறையைத் திறக்கக் கூடாது. டிரைவை மறைகுறியாக்கும்போது மதர்போர்டில் உள்ள டிபிஎம் சில்லை நம்பாது, கடவுச்சொல்லை மட்டுமே நம்பும், ஏனென்றால் அந்தச் சில்லு ஓர் உடம்புக்கே உரியது. ஒரு பெட்டியில் முதன்முறை நுழைந்தபோது கற்றுக்கொண்டதை நினைவில் வைத்து, மறுமுறை வந்தால் விரைவாக எழும். ஹைபர்னேட் செய்யும் வசதி முடக்கப்பட்டிருக்கும். இது முக்கியமானது. ஓர் உடம்பில் கண்ட கனவை இன்னொரு உடம்பில் தொடர முடியாது. முழுதாக உறங்கி, முழுதாக விழித்தாக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவைப் பிடுங்கிவிட்டால் கணினி அப்படியே உறைந்து நிற்கும். 60 வினாடி அவகாசம். அதற்குள் அதே துளையில் மறுபடி செருகினால் விட்ட வாக்கியத்தைத் தொடரலாம். வேறு துளையில் செருகினாலும் செல்லாது, பெட்டி அணைந்துவிடும். உயிர் பிரிந்து திரும்பியவர்கள் பற்றிய கதைகளில்கூட இவ்வளவு துல்லியமான நிபந்தனை கிடையாது. 2020இல் வந்த பதிப்போடு மைக்ரோசாஃப்ட் இதைக் கைவிட்டது.

லினக்ஸ் சர்வரில் அப்படிப் பிடுங்கினால் நடப்பது வேறு. பிடுங்கிய பிறகும் பக்கத்துக் கணினியிலிருந்து பிங் செய்தால் பதில் வரும், ஏனென்றால் கெர்னல் ரேமில் இருக்கிறது. ஏற்கெனவே திறந்திருந்த திரையில் அடிக்கடி பயன்படுத்திய ஒன்றிரண்டு கட்டளைகள்கூட வேலை செய்யலாம். புதிதாக ஒன்றை அடித்தால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. புதிதாக உள்ளே நுழைய முடியாது. டிரைவைத் திரும்பச் செருகினாலும் பயனில்லை, கெர்னல் அதை யாரோ புது டிரைவ் என்று வேறு பெயரில் பட்டியலிட்டுவிட்டு, தான் இழந்ததை நினைத்துக்கொண்டே நிற்கும். இந்த சர்வர் இறந்துவிட்டதா? கண்காணிப்பு மென்பொருள் பிங்கை மட்டும் பார்த்தால் பச்சை விளக்கு எரியும். இதயம் துடிக்கும்போதே மூளைத்தண்டு இறந்ததை மரணமாக ஏற்க இந்தியாவில் 1994இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. எந்தச் சாட்சியை மரணத்துக்குச் சாட்சியாக எடுப்பது என்ற தீர்மானம் அது. சர்வர் அறையிலும் அதே தீர்மானத்தை யாரோ எடுத்துத்தான் ஆக வேண்டும்.

டிரைவை இழந்தும் ரேமில் ஓடும் இந்த நிலையை, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இயங்குதளமான விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஒரு வழக்கமான ஏற்பாடாகவே வைத்திருந்தது. பெரிய பெரிய சர்வர்களுக்குள், மதர்போர்டிலேயே ஒரு யுஎஸ்பி துளை அல்லது எஸ்டி கார்டு இடம். அதில் சிறு கார்டு ஒன்று. பூட் ஆகும்போது இயங்குதளம் ரேமுக்கு ஏறிக்கொள்ளும், அப்புறம் கார்டு அவ்வளவாகத் தேவைப்படாது. கார்டு செத்துப்போனாலும் மேலே ஓடும் மெய்நிகர் கணினிகள் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ரீபூட்டில்தான் குட்டு வெளிப்படும். 2020இல் வந்த 7.0 பதிப்பு பூட் சாதனத்தில் முன்னைவிட அதிகம் எழுதத் தொடங்கியது. எழுத எழுதத் தேய்வது ஃபிளாஷ் நினைவகத்தின் சுபாவம். மலிவான கார்டுகள் ஒவ்வொன்றாக விழ, மறு ஆண்டே அவற்றை மட்டும் நம்பி நிறுவ வேண்டாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

இதுவரை பேசியது குடிபெயர்வு. நகல் என்று வரும்போது கதை கைமீறுகிறது. யோகியார் ஒரே நேரத்தில் மூலன் உடலிலும் வேறொருவன் உடலிலும் புகுந்தார் என்று சேக்கிழார் சொல்லவில்லை. எஸ்எஸ்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே ஒரு கட்டளையில் பைட்டுக்குப் பைட் இன்னொரு எஸ்எஸ்டிக்கு எழுதிவிடலாம். இரண்டையும் இரண்டு பெட்டிகளில் செருகினால் இரண்டும் ஒரே மெஷின்-ஐடியோடு, ஒரே நினைவுகளோடு, ஒரே சாவியோடு எழும். எஸ்எஸ்எச் இரண்டையும் அதே ஆள் என்று ஏற்கும். இப்போது ரூட்டரின் பக்கமும் குழம்பலாம். புதிய உபுண்டு சர்வர்கள் ஐபி கேட்கும்போது மெஷின்-ஐடியிலிருந்து பிறந்த ஓர் அடையாளத்தைக் காட்டுவதால், நகலெடுத்த மெய்நிகர் கணினிகள் இரண்டுக்கு ஒரே ஐபி கிடைத்து, இரண்டும் மோதிக்கொண்ட அனுபவம் பல நிர்வாகிகளுக்கு உண்டு. தீர்வு: ஏதாவது ஒன்றில் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்துவிட்டு மறுபடி எழுப்புவது. அது புதிதாக ஓர் எண்ணை உண்டாக்கிக்கொண்டு, அன்றுமுதல் வேறு ஆளாகிவிடும். எதைக் காலி செய்வது? எதை வேண்டுமானாலும். எது கைக்கு எட்டுகிறதோ அதை.

அன்ரெய்ட் என்ற சேமிப்பக இயங்குதளத்தில் இந்தச் சுதந்திரம் இல்லை. அது பென் டிரைவிலிருந்து ரேமுக்கு ஏறி ஓடும் வகை. உரிமம் அந்தப் பென் டிரைவின் தனி எண்ணோடு பிணைக்கப்பட்டது. பெட்டி, டிஸ்க்குகள் எதை மாற்றினாலும் ஆட்சேபணை இல்லை. பென் டிரைவ் பழுதானால் புதியதற்கு உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம், அந்த நொடியில் பழைய எண் தடைப்பட்டியலில் ஏறிவிடும். பழையது ஒருவேளை பிழைத்துக்கொண்டாலும், அதில் ஒரு பைட்டும் குறையாவிட்டாலும், அது இனி அந்த சர்வர் அல்ல. தொடர்ச்சியை நிறுவனத்தின் பதிவேடு முடிவு செய்கிறது.

மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கும் கிரேக்க அரசன் மெனாண்டருக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்ன பதில் இந்த இடத்துக்கு வெகு அருகில் வருகிறது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கிலிருந்து ஏதாவது தாவிப் போகிறதா? இல்லை. ஆனாலும் இரண்டாவது எரிகிறது. அதுபோல எதுவும் கூடு விட்டுக் கூடு பாயாமலே மறுபிறப்பு நடக்கிறது. பிறந்தவன் இறந்தவனே என்றும் சொல்ல முடியாது, வேறொருவன் என்றும் சொல்ல முடியாது. ஒரு விளக்கால் இரண்டை ஏற்றினால் என்ன என்ற கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் தத்துவவாதி டெரக் பார்ஃபிட் கையில் எடுத்தார். செவ்வாய்க் கோளுக்கு நகலெடுத்து அனுப்பும் ஒரு கற்பனைக் கருவியை வைத்து 1984இல் வந்த தம் நூலில் அவர் கண்ட முடிவு: அவன் அதே ஆளா என்பது நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய கேள்வியே இல்லை.

சித்தாந்தி விடமாட்டார். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு எதிர்க்கட்சிகளை வரிசையாக நிறுத்தி மறுக்கிறார். அதில் பௌத்தர் மட்டும் நான்கு வகை. இரண்டாகப் பிரதியெடுக்க முடிந்ததே, அதுவே அது உயிர் அல்ல, கருவி என்பதற்கு அத்தாட்சி என்று இன்றைய சித்தாந்தி சொல்லலாம். அதே அத்தாட்சியை எடுத்துக்கொண்டு, அறிபவர் என்று ஒருவர் இல்லாமலே வேலை நடக்கிறது பாருங்கள் என்று பௌத்தரும் சொல்லலாம். இந்த வழக்கில் எஸ்எஸ்டி இரு தரப்புக்கும் சாட்சி சொல்லக்கூடியது.

ஆனால் ஆத்மவாதிகள் பௌத்தரைப் பார்த்துக் காலம் காலமாகக் கேட்ட ஒரு கேள்விக்கு சர்வர் அறையில் விடை இருக்கிறது. செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் என்றால் வினை யாரைச் சேரும்? நகலெடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு எவனோ சர்வருக்குள் புகுந்து ஹோஸ்ட் கீயைத் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். நகலெடுத்தபின் அது தெரியவருகிறது. எந்த நிர்வாகியும் அசல் எது, நகல் எது என்று ஆராய்ந்துகொண்டு உட்கார மாட்டார். இரண்டு பெட்டிகளிலும் சாவியை அழித்துப் புதியது உண்டாக்குவார், இரண்டிலும் கடவுச்சொற்களை மாற்றச் சொல்வார், திருடன் விட்டுப்போன கள்ள நிரல் ஏதும் இருக்கிறதா என்று இரண்டிலும் தேடுவார். வேறு ஆள் என்று மெஷின்-ஐடியை மாற்றிக்கொண்ட சர்வரையும் விட்டுவைக்க மாட்டார்.